விலையை வீட்டிலேயே முடிவு பண்ணிட்டுப் போங்க

(நமது கூட்டமைப்பின் ஆண்டு மகாசபைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆரம்ப காலத்தில் நாம உள்கடன் எதுக்கு வாங்கினோம்னு நினைச்சுப் பாருங்க. அரிசிக்கு வாங்கினோம், ஆஸ்பத்திரிக்கு வாங்கினோம், பிள்ளைங்க நோட்டுப் புத்தகத்துக்கு வாங்கினோம். அப்புறம் மாடு, ஆடு, தையல் மெஷின், பெட்டிக்கடை. இப்போ தீர்மான நோட்டைப் புரட்டினா "வீடு வாங்க முன்பணம்"னு எழுதுற அளவுக்கு வந்திருக்கோம். கைதட்ட வேண்டிய வளர்ச்சிதான். ஆனா கடன் பெருசாகும்போது, தப்பினா விழுற அடியும் பெருசா இருக்கும். அதனாலதான் இன்னைக்கு எனக்கு இந்தத் தலைப்பு: ஒரு வீட்டை வாங்கப் போகும்போது நாம என்ன விலைக்குக் கேட்கிறது?

சந்தையில் கத்திரிக்காய் வாங்கும்போது கிலோவுக்கு அஞ்சு ரூபாய் குறைக்கச் சொல்லி நிக்கிறவங்கதான் நாம. பேரம் பேச நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனா வீட்டு விலை பேசுற அன்னைக்கு மட்டும் நாம உள்ளே காபி போட்டுக்கிட்டு இருப்போம். வெளியே திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்து பேசி முடிச்சிடுவாங்க. "நீங்களும் வேணாம், நாங்களும் வேணாம், நடுவுல ஒரு விலை" அப்படின்னு தரகர் சொல்லுவார். வெத்தலை பாக்கு மாத்தியாச்சு. அதுக்கப்புறம் தோட்டைக் கழட்டிக் கொடுக்கிறது யாரு? மாசாமாசம் தவணை கட்டுறது யாரு? நாமதான்.

அதனால நான் சொல்ல வந்தது ஒண்ணே ஒண்ணு. வீட்டோட விலை திண்ணையில் முடிவாகக் கூடாது. அங்க போறதுக்கு முந்தியே, நம்ம வீட்டில் உட்கார்ந்து நோட்டில் எழுதி முடிவாகியிருக்கணும். அதுக்கு மூணு கணக்கு போடணும். மூணும் நம்ம குழுக் கணக்கை விட லேசான கணக்குதான்.

முதல் கணக்கு: ஊர் விலை

விக்கிறவர் சொல்றது அவரோட ஆசை. ஊர் விலை என்கிறது வேற. கடைசி ஒரு வருஷத்தில் அதே தெருவில், பக்கத்துத் தெருவில் என்ன விலைக்கு நிஜமாவே கை மாறியிருக்குன்னு விசாரிக்கணும். ஒருத்தர்கிட்ட கேட்டா போதாது. வாங்கினவர்கிட்ட ஒரு விலை வரும், வித்தவர்கிட்ட ஒரு விலை வரும், தரகர்கிட்ட ஒரு விலை வரும். மூணு நாலு வீட்டு விவரம் கிடைச்சா நடுவில் ஒரு விலை தெரிஞ்சிடும். இந்த விஷயத்தில் நமக்கு இருக்கிற பலம் யாருக்கும் கிடையாது. கூட்டமைப்பில் தெருவுக்குத் தெரு நம்ம ஆள் இருக்கோமே!

பதிவுத்துறை ஒவ்வொரு தெருவுக்கும், ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு வழிகாட்டி மதிப்பு வச்சிருக்கு. இணையதளத்தில் யார் வேணாலும் பார்க்கலாம். பிள்ளைங்களை விட்டு செல்போனிலேயே பார்க்கச் சொல்லுங்க. ஆனா அதுதான் விற்பனை விலைன்னு நினைச்சிடாதீங்க. பத்திரச் செலவுக்கு அரசு வச்ச அளவுகோல் அது. சில ஊரில் நிஜ விலை அதை விடக் கூட இருக்கும், சில ஊரில் குறைவா இருக்கும்.

ஒரு உதாரணம் வச்சுக்குவோம். 2 சென்ட் மனை, அதில் 400 சதுர அடி வீடு. கட்டி 15 வருஷம் ஆச்சு. விக்கிறவர் 11 லட்சம் சொல்றார். விசாரிச்சதில் அந்தப் பக்கம் சென்ட் 3 லட்சம்னு தெரியுது. மனைக்கு 6 லட்சம் ஆச்சு. இன்னைக்கு அதே மாதிரி புதுசா கட்டினா சதுர அடிக்கு 1,800 ரூபாய் ஆகும்னு கொத்தனார் சொல்றார்னு வைங்க. 400 சதுர அடிக்கு 7 லட்சத்து 20 ஆயிரம். ஆனா இது புது வீடு இல்லையே! 15 வருஷப் பழசுக்கு மூணில் ஒரு பங்கு கழிச்சா 4 லட்சத்து 80 ஆயிரம். ஆக மொத்தம் 10 லட்சத்து 80 ஆயிரம்.

நிலம் விலை ஏறும், கட்டடம் விலை இறங்கும். இதை ரெண்டா பிரிச்சுப் பார்க்காம "நல்ல வீடு, பதினொண்ணுக்குத் தகும்"னு மொத்தமா சொல்றவங்க பேச்சைக் கேட்காதீங்க.

ரெண்டாவது கணக்கு: வாங்கின மறுநாள் செலவு

வீட்டை ஒரு தடவை பார்த்துட்டு முடிவு பண்ணாதீங்க. மழை பெய்ஞ்ச மறுநாள் போய்ப் பாருங்க. மேல் கூரையில் ஈரம் கசியுதா, சுவரோரம் பொரிஞ்சிருக்கான்னு அன்னைக்குத்தான் தெரியும். வெள்ளையடிச்ச வீடு எல்லாம் பார்க்க நல்லாத்தான் இருக்கும். கோடையில் போர் தண்ணி எவ்வளவு நேரம் ஓடுதுன்னு பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேளுங்க. கழிவறைத் தொட்டி எங்க இருக்கு, கடைசியா எப்போ எடுத்தாங்க, கரண்ட் வயர் பழசா புதுசா, வண்டி வாசல் வரைக்கும் வருமா, அந்தப் பாதை பொதுப் பாதையா அடுத்தவர் இடமா, இதெல்லாம் கேளுங்க. ஒரு கொத்தனாரையும் வயரிங் பண்றவரையும் கூட்டிட்டுப் போய் அவங்க கூலியைக் கொடுத்திடுங்க. அந்த ஆயிரம் ரூபாய் நமக்கு லட்சத்தைக் காப்பாத்தும்.

நம்ம உதாரண வீட்டில் கூரைக்கு 60 ஆயிரம், கழிவறைத் தொட்டிக்கு 40 ஆயிரம், வயரிங்குக்கு 30 ஆயிரம்னு வந்துச்சு. மொத்தம் 1 லட்சத்து 30 ஆயிரம். வீட்டுக்கு வயசாச்சுன்னு கழிச்சது வேற, குடிபோகணும்னா உடனே கை வைக்க வேண்டிய வேலை வேற. அதனால இதையும் கழிக்கணும். 10 லட்சத்து 80 ஆயிரத்தில் கழிச்சா 9 லட்சத்து 50 ஆயிரம். இப்ப இருக்கிற நிலையில் அந்த வீட்டுக்கு இதுதான் நியாய விலை.

மூணாவது கணக்கு: நம்ம தாங்குற விலை

வீடு எவ்வளவுக்குத் தகும்னு பார்த்தாச்சு. நமக்கு எவ்வளவு தகும்? பல பேர் இந்தக் கணக்கைப் போடவே மாட்டாங்க.

ஒரு குடும்பத்தில் எல்லாச் செலவும் போக, 3,500 ரூபாய் வாடகையும் குழுத் தவணையும் கட்டினது போக, மாசம் 5,500 ரூபாய் மிச்சம் பிடிக்கிறாங்கன்னு வைங்க. சொந்த வீட்டுக்குப் போனா வாடகை 3,500 மிச்சம். மொத்தம் 9,000. இதை அப்படியே தவணைக்கு எழுதிடாதீங்க. காய்ச்சல் வரும், கல்யாணம் காதுகுத்து வரும், வேலை இல்லாத மாசம் வரும். 2,000 ரூபாயைத் தொடாம வைங்க. தவணைக்கு 7,000.

வட்டி 9 சதவீதம், 15 வருஷக் கடன்னு வச்சுக்கிட்டா, ஒரு லட்சத்துக்கு மாசத் தவணை சுமார் 1,014 ரூபாய் வரும். அப்போ 7,000 ரூபாய்க்கு கிட்டத்தட்ட 6 லட்சத்து 90 ஆயிரம் கடன் தாங்கும். சேமிப்பு, சீட்டுப் பணம், வித்த நகை எல்லாம் சேர்த்து கையில் 4 லட்சம் இருக்கு. ஆக 10 லட்சத்து 90 ஆயிரம்.

"அப்படின்னா 11 லட்சத்துக்கே வாங்கிடலாமே!"ன்னு தோணும். அங்கதான் மாட்டிக்கிறோம். பத்திரச் செலவு யார் கொடுப்பா? தமிழ்நாட்டில் கிரையத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மொத்தம் 9. இதில் நமக்கு ஒரு நல்ல செய்தி இருக்கு. 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிஞ்சா பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைச்சிருக்காங்க. 10 லட்சத்துக்குப் பதிஞ்சா செலவு 80 ஆயிரம். அதுவே 10 லட்சத்து 10 ஆயிரம்னு போனா, சலுகை போய் 90 ஆயிரத்து 900 ஆயிடும். வழிகாட்டி மதிப்புப்படியும் 10 லட்சத்துக்குள் வருதான்னு பார்த்துக்குங்க. கணவர் பெயரையும் சேர்த்துப் பதியறதா இருந்தா, சலுகை கிடைக்குமான்னு சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. நீங்க சம்பாதிச்சுத் தவணை கட்டப் போற வீட்டில் உங்க பெயர் இருக்கணும். சலுகை இருந்தாலும் இல்லாட்டியும் அதை விட்டுக் கொடுக்காதீங்க.

நம்ம உதாரணத்தில் பத்திரப் பதிவுக்கு சுமார் 70 ஆயிரம், வக்கீல், பத்திர எழுத்தர், தரகு எல்லாம் 30 ஆயிரம், மராமத்து 1 லட்சத்து 30 ஆயிரம். மொத்தம் 2 லட்சத்து 30 ஆயிரம். 10 லட்சத்து 90 ஆயிரத்தில் இதைக் கழிச்சா 8 லட்சத்து 60 ஆயிரம்.

இப்போ நம்ம நோட்டில் ரெண்டு விலை இருக்கு. வீட்டுக்குத் தகுந்த விலை 9 லட்சத்து 50 ஆயிரம். நமக்குத் தாங்குற விலை 8 லட்சத்து 60 ஆயிரம். இதில் எது குறைவோ அதுதான் நம்ம எல்லை. கோடு போட்டு எழுதுங்க. கணவரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்க. தீர்மான நோட்டில் போடுற மாதிரியேதான்.

பேச்சு எப்படிப் போகும்?

எல்லை 8 லட்சத்து 60 ஆயிரம்னா முதல் கேள்வியே அதுவா இருக்கக் கூடாது. ரொம்பக் கீழேயும் கேட்கக் கூடாது. 5 லட்சத்துக்குக் கேட்டா அவர் முகம் சுளிச்சு எழுந்து போயிடுவார். காரணம் சொல்ல முடிகிற ஒரு விலையில் ஆரம்பிங்க. 7 லட்சத்து 75 ஆயிரம்னு வச்சுக்குவோம். பேச்சு இப்படித்தான் போகும்:

"என்னம்மா, பதினொண்ணு சொன்னா ஏழே முக்கால்ங்கிற?"

"அண்ணே, உங்க வீட்டைக் குறை சொல்லலை. கூரைக்கு, தொட்டிக்கு, வயரிங்குக்கு ஆகிற செலவைக் கொத்தனார் எழுதிக் கொடுத்திருக்கார், பாருங்க. அதோட பக்கத்துத் தெருவுல போன தையில சென்ட் மூணுக்குத்தான் முடிஞ்சிருக்கு."

இதைச் சொல்லிட்டு வாயை மூடிக்கணும். நாம செய்யுற தப்பே இதுதான். எதிராளி ஒரு நிமிஷம் பேசாம இருந்தா, நமக்குச் சங்கடமாகி நாமளே விலையை ஏத்திடுவோம். பேசாம இருக்கிறது அவருக்கு மரியாதைக் குறைவு இல்லை. அவர் யோசிக்கட்டும்.

அப்புறம் ஏத்தும்போது படி சின்னதாகிக்கிட்டே வரணும். 8 லட்சத்து 5, அப்புறம் 8 லட்சத்து 30, அப்புறம் 8 லட்சத்து 50, கடைசியில் 8 லட்சத்து 60. படி சுருங்குறதைப் பார்த்தே இவங்க கையில் இதுக்கு மேல இல்லைன்னு அவருக்குப் புரிஞ்சிடும். நம்ம கையில் எவ்வளவு இருக்கு, எவ்வளவு கடன் கிடைக்கும்னு தரகர்கிட்ட சொல்லாதீங்க. அவர் நல்லவராவே இருக்கலாம். ஆனா விலை ஏற ஏறத்தான் அவருக்குத் தரகும் ஏறும். அவருக்கு எவ்வளவுன்னும் முதல் நாளே பேசிடுங்க.

அவர் ஏன் விக்கிறார்னு விசாரிச்சு வைங்க. பொண்ணு கல்யாணத்துக்காகன்னா சீக்கிரம் பணம் வேணும். வெளியூர் போறார்னா ஒரே தவணையில் வேணும். விலையில் இறங்க மாட்டேன்னா வேற ஒண்ணில் இறங்குவார். "தொட்டி வேலையை நீங்க முடிச்சுக் கொடுங்க அண்ணே", "மோட்டாரை விட்டுட்டுப் போங்க", "கிரையத்துக்கு மூணு மாசம் டைம் கொடுங்க" இப்படிக் கேட்கலாம். இதுவும் பணம்தான்.

கடைசியில் அவர் 9 லட்சத்தில் நிப்பார். கூட இருக்கிறவங்க எல்லாரும் சேர்ந்து சொல்வாங்க: "நாற்பதாயிரம்தானே! இதுக்காகவா நல்ல வீட்டை விடுவாங்க? வெளியில புரட்டிக்கலாம்மா." வெளியில் புரட்டுறதுன்னா என்னன்னு நமக்குத் தெரியாதா? நூத்துக்கு மூணு ரூபாய் வட்டின்னா 40 ஆயிரத்துக்கு மாசம் 1,200 ரூபாய். வருஷத்துக்கு 14,400. அசல் அப்படியே நிக்கும். அவசரத்துக்குன்னு ஒதுக்கி வச்ச 2,000-த்தில் 1,200 அங்க போயிடும். அடுத்து ஒரு காய்ச்சல் வந்தா இன்னொரு கடன். கந்து வட்டியை விட்டு வெளியே வரத்தானே நாம குழுவே ஆரம்பிச்சோம்? வீட்டு வாசல் வழியா அதைத் திரும்பக் கூப்பிடலாமா?

அந்த இடத்தில் சொல்ல வேண்டியது ஒரு வார்த்தைதான்: "அண்ணே, எங்களால் முடிஞ்சது இதுதான். மனசு மாறினா சொல்லி அனுப்புங்க." சொல்லிட்டு எழுந்திருங்க. அவர் கூப்பிடலாம், கூப்பிடாமலும் போகலாம். வேற யாராவது 9 லட்சத்து 50 ஆயிரத்துக்கு வாங்கிட்டாங்கன்னா அவங்க கை தாங்குது, வாங்கினாங்க. ஊர் சிரிக்குமேன்னு நினைக்காதீங்க. தவணை தவறினா ஊர் வந்து கட்டாது.

வில்லங்கத்துக்குத் தள்ளுபடி கிடையாது

ஒரு எச்சரிக்கை. சில வீடு ஊர் விலையை விட ரொம்ப மலிவா வரும். "மூணு லட்சம் குறைச்சுத் தர்றேன், ஒரு சின்னச் சிக்கல் மட்டும் இருக்கு" என்பாங்க. கூரை ஒழுகினா விலையில் கழிக்கலாம். உரிமை ஒழுகினா எவ்வளவு கழிச்சாலும் பத்தாது.

தாய்ப்பத்திரம் பாருங்க. குறைஞ்சது 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்று போடுங்க. பட்டா யார் பெயரில் இருக்கு, புலப்படத்தில் உள்ள அளவும் தரையில் உள்ள அளவும் ஒத்துப்போகுதா, வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு யார் பெயரில்னு பாருங்க. அரசு இலவசமாக் கொடுத்த மனைப் பட்டாவில், இத்தனை வருஷத்துக்கு விக்கக் கூடாதுன்னு நிபந்தனை இருக்கும். கோயில் நிலம், புறம்போக்குன்னா விலையே பேசாதீங்க. ஒரு வக்கீலிடம் காட்டி, எழுத்தில் கருத்து வாங்குங்க.

வில்லங்கச் சான்றில் பதிவான விவகாரம்தான் தெரியும். பதிவாகாத பங்கு தெரியாது. அப்பா இறந்துட்டார், அண்ணன் தம்பி மட்டும் சேர்ந்து விக்கிறாங்கன்னா, "உங்க கூடப் பிறந்த பொண்ணுங்க எத்தனை பேர்?"னு கேளுங்க. இந்து குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்குன்னு தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துச்சு. இந்தியா முழுமைக்கும் 2005-ல் வந்துச்சு. "அவளுக்குத்தான் சீர் செஞ்சு அனுப்பியாச்சே" என்கிற பதில் சட்டத்துக்கு முன்னாடி நிக்காது. அந்தப் பொண்ணு கையெழுத்து இல்லாம நாம வாங்கினா, நாளைக்கு அவ கோர்ட்டுக்குப் போவா. போறதும் நியாயம்தான். நம்மை மாதிரி ஒருத்தியோட பங்கை விழுங்கித்தான் நமக்கு வீடு மலிவா கிடைக்கணும்னா, அந்த வீடு நமக்கு வேண்டாம்.

விலை முடிஞ்சாலும் பெரிய தொகையை அச்சாரமாக் கொடுத்திடாதீங்க. முதல்ல பேங்க்கில் போய், இந்தப் பத்திரத்துக்குக் கடன் கிடைக்குமான்னு கேளுங்க. அதுக்கப்புறம் கிரைய ஒப்பந்தம் எழுதிப் பதிவு பண்ணுங்க. கடன் கிடைக்கலைன்னா அச்சாரத்தைத் திருப்பித் தரணும்னு அதில் ஒரு வரி எழுதச் சொல்லுங்க. பணத்தை பேங்க் மூலமாகவே கொடுங்க. சொத்து விற்பனைக்காக 20 ஆயிரம் ரூபாயோ அதுக்கு மேலோ ரொக்கமா முன்பணம் வாங்குறதை வருமான வரிச் சட்டம் தடுக்குது. "பத்திரத்தில் குறைச்சுப் போட்டுக்கலாம், உனக்கும் செலவு மிச்சம்" என்பாங்க. நாளைக்குக் கிரையம் ரத்தாச்சுன்னா, பத்திரத்தில் இருக்கிற தொகைக்குத்தான் ஆதாரம் இருக்கும். மிச்சப் பணம் கொடுத்ததுக்கு யார் சாட்சி?

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள்

வீட்டு முன்பணத்துக்கு உள்கடன் கேட்டு வர்ற உறுப்பினர்கிட்ட, குழு இந்த மூணு கணக்கையும் கேட்கணும். ஊர் விலை என்ன, மறுநாள் செலவு என்ன, தாங்குற விலை என்ன? மூணையும் ஒரே தாளில் எழுதி, எல்லாருமா ஒருதடவை கூட்டிக் கழிச்சுப் பார்த்து, அப்புறம் தீர்மானம் போடுங்க. அந்தத் தெருவில் இருக்கிற உறுப்பினர் ரெண்டு பேர் கூடப் போய் வீட்டைப் பார்த்துட்டு வாங்க. கணக்கு எழுதத் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி ஒவ்வொரு குழுவிலும் இருக்கா. அவளை விலை பேசுற அன்னைக்குத் திண்ணையில் உட்கார வைங்க. காபியை அன்னைக்கு வேற யாராவது போடட்டும்.

பதினஞ்சு வருஷம் தவணை கட்டப் போறவங்க நாம. ஒரு லட்சம் கூடுதலா ஒத்துக்கிட்டா, வட்டியோட 1 லட்சத்து 82 ஆயிரத்துக்கு மேல கட்டி முடிப்போம். திண்ணையில் அரைமணி நேரச் சங்கடத்துக்குப் பயந்து அதை ஒத்துக்காதீங்க. கணக்கோட போங்க, மரியாதையாப் பேசுங்க, எல்லை வந்தா எழுந்து வாங்க. நமக்குன்னு ஒரு வீடு அமையும். அந்த வீட்டுப் பத்திரத்தில் உங்க பெயரும் இருக்கும், ராத்திரி நிம்மதியாத் தூக்கமும் வரும்.